மணவறையில் ஒரு ரவுட்டர்

கோணப்பட்டிக்காரர்கள் கைவைத்த காரியம் உருப்பட்டதாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் பாவம், மனசு தங்கம். அந்த ஊரில் தாண்டவமூர்த்தியின் அக்கா மகள் பூங்கொடிக்குக் கல்யாணம். அவளுடைய அப்பா உலகநாதனுக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை.

"அப்பா பாக்காம என் கழுத்துல தாலி ஏறாது மாமா," என்று பூங்கொடி அழுதாள். "அழாதே தாயி. மச்சான் போன்ல பாப்பாரு. அதுக்கு நான் பொறுப்பு," என்று தாண்டவமூர்த்தி நெஞ்சில் தட்டிச் சொன்னார். அந்த நிமிஷமே கல்யாணத்துக்குச் சனி பிடித்துவிட்டது.

கேபிள் கடை அந்தோணி இரண்டு பெட்டிகளை மண்டபத்தில் பொருத்தினார். "இது மோடம். வெளியிலேருந்து நெட்டைக் கொண்டாரும். இது ரவுட்டர். வயர் இல்லாமலே எல்லாருக்கும் பங்கிட்டுக் குடுக்கும். இந்தக் கொம்புதான் ஆன்டெனா. ரவுட்டருக்கும் போனுக்கும் குறுக்கே எதுவும் வரக் கூடாது. பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சிக்னல் எட்டலைன்னா நடுவுல பூஸ்டர்னு ஒண்ணு வைக்கணும். இங்க வாங்கி அங்க குடுக்கும்."

அவர் போனதும் தாண்டவமூர்த்தியும் தம்பிகள் எத்திராஜும் குப்பமுத்துவும் ஆலோசனையில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, மோடம் பெரியவரா, ரவுட்டர் பெரியவரா? யாருக்கு முதல்ல சந்தனம்?" என்றான் குப்பமுத்து.

"கொண்டு வர்றவருதான் பெரியவர்."

"பந்தியில பரிமாறுறவனைப் பகைச்சுக்கிட்டா என்ன ஆகும் தெரியுமில்ல?" என்றான் எத்திராஜு.

விஷயம் முற்றியது. கடைசியில் இரண்டுக்கும் தனித்தனி நாற்காலி போட்டு, ஒரே நேரத்தில் சந்தனம் பூசினார்கள்.

பூஸ்டர் வாங்க எத்திராஜு சம்மதிக்கவில்லை. "இங்க வாங்கி அங்க குடுக்கிறதுக்கு ஒரு மிஷினா? நான் நிக்கிறேன்." முகூர்த்தத்தன்று மண்டபத்தின் நடுவில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"குறுக்கே நிக்கிறியேடா!"

"நான் ஆளா நிக்கலண்ணே. பூஸ்டரா நிக்கிறேன்."

நியாயம்தானே! மற்ற யாரையும் குறுக்கே நடக்க விடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையோடு, சீர்த்தட்டைத் தரையில் தள்ளிக்கொண்டு தவழ்ந்துதான் மணவறைக்கு வந்தாள்.

பாஸ்வேர்டைத் தாண்டவமூர்த்தி யாரிடமும் சொல்லவே இல்லை. சொல்லி மாளாது என்று, வாசலில் மணமக்கள் பெயர்ப் பலகைக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டார். வந்த ஜனமெல்லாம் ஆளுக்கொரு போனில் அதைத் தட்டிக்கொண்டு சினிமா பார்க்க உட்கார்ந்தது. விடுவார்களா பின்னே?

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து, மஸ்கட்டிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த உலகநாதன் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனார்.

"ஐயோ, மச்சானுக்கு என்னமோ ஆயிருச்சு! நிறுத்துங்கய்யா!" என்று தாண்டவமூர்த்தி மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டார். பூங்கொடி அழ ஆரம்பித்தாள். தாண்டவமூர்த்தி வியர்த்து விறுவிறுத்து இன்னொரு போனில் அந்தோணியைக் கூப்பிட்டார்.

"சிக்னல்தான் மாட்டிக்கிச்சு," என்றார் அந்தோணி. "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிங்க. சரியாயிரும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

விளக்கை அணைத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். நாதஸ்வரத்தை உறைக்குள் போடச் சொன்னார்கள். ஹோமத்தைக் குப்பமுத்து ஒரு செம்புத் தண்ணீரில் ஆஃப் பண்ணினான். ஐயர் தலையில் அடித்துக்கொண்டு பையைத் தூக்கினார். விருந்தாளிகளுக்குத் தாம்பூலப் பையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இப்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எது முதல்?" என்றார் தாண்டவமூர்த்தி.

"நலங்கு," என்றான் எத்திராஜு.

"அதுக்கு முன்னாடி நிச்சயதார்த்தம் இருக்கே," என்றான் குப்பமுத்து.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். கோணப்பட்டியில் சம்பந்தம் பண்ண வந்தவர், அவர் மட்டும் லேசுப்பட்டவரா? "பொண்ணு பாக்க வந்தோமே, அதை விட்டுட்டீங்களே!" என்றார்.

சபை அதை ஒத்துக்கொண்டது. மாலைகளைக் கழற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறித் தெருமுனை வரை போய், பெண் பார்க்கத் திரும்பி வந்தார்கள். ரவுட்டரைப் போட்டதும் மஸ்கட் பளிச்சென்று தெரிந்தது. கூட்டம்தான் போய்விட்டதே!

"அப்பா தெரியறாரு மாமா!" பூங்கொடி முகம் மலர்ந்துவிட்டது. கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்துவிட்டு நமஸ்காரம் பண்ணினாள். காலையில் அவளுக்குத் தலைவாரிப் பூவைத்த அதே மாமியார், "பொண்ணு பேரு என்னம்மா?" என்று கேட்டாள். பூங்கொடி தலைகுனிந்து சொன்னாள். தாண்டவமூர்த்திக்கு ஆனந்தக் கண்ணீர். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பஜ்ஜி தீர்ந்ததும் மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டுத் தகவல் சொல்றோம்," என்று கும்பிட்டார். தாலியைப் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டு எல்லோரும் வேன் ஏறிப் போய்விட்டார்கள்.

மஸ்கட்டில் உலகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பையன் லட்சணமாத்தான் இருக்கான் தாண்டவா. எதுக்கும் வேற ரெண்டு இடம் பாத்து வை."