பூவராகன் அழுத ஒத்திகை

நடிகர் பூவராகனைத் தெரியாத வீடு கிடையாது. இருபது வருஷமாகச் சீரியல்களில் அப்பா. கிளிசரின் இல்லாமலே அழுவார் என்பது அவருக்குப் பெரிய பெருமை.

போன மாதம் சீரியலில் அவரைச் சாகடித்து, படத்துக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். அதன் பிறகுதான் மகள் வீட்டுக்குப் போக அவருக்கு நேரம் கிடைத்தது. போன வேகத்தில் திரும்பியும் வந்தார்.

நேராகத் திருச்சிக்குப் போனார். அவரை முதன்முதலில் மேடையேற்றிய வேதவல்லி அங்கே இன்னும் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். பூவராகனைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒத்திகை முடிந்திருந்தது.

"வாத்தியாரம்மா, ஊரே என் அழுகையைப் பார்த்து அழுவுது. நான் பெத்த பொண்ணு மட்டும் நம்ப மாட்டேங்குறா."

"எதுக்கு அழுதீங்க?"

"அவ அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் ஷூட்டிங்ல இருந்தேன். கடைசி மூச்சுக்குக்கூட வந்து சேரல. அதுக்கு மன்னிப்புக் கேட்டேன். பாதியிலயே எழுந்து உள்ள போயிட்டா. எங்க தப்புப் பண்ணினேன்னு நீங்கதான் திருத்தணும்."

வேதவல்லி ஒரு நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான்தான் உங்க பொண்ணு. பேசுங்க."

பூவராகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் வார்த்தையிலேயே குரல் உடைந்தது. அடுத்ததில் கண் நிறைந்தது. கல்நெஞ்சக்காரன் என்று பேரெடுத்த நானே அங்கிருந்தால் அழுதிருப்பேன்.

"அப்பா, ஒரு நிமிஷம்" என்றார் வேதவல்லி.

"இந்தப் பாவியை மன்னிச்சிடும்மா..."

"அம்மா கடைசியா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்கப்பா."

"உன் முகத்துல முழிக்கவே எனக்கு யோக்கியதை இல்லம்மா..."

வேதவல்லி எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். பூவராகன் நாற்காலியைப் பார்த்துப் பேசி முடித்தார். முடித்த பிறகும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். யாரும் 'கட்' சொல்லவில்லை.

பிறகுதான் நாற்காலி காலி என்பது தெரிந்தது.

"எப்ப எழுந்து போனீங்க?"

வேதவல்லி சொம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

"பழகிப் போச்சு வாத்தியாரம்மா. எதிர்ல நடிக்கிறவங்க வேற ஷூட்டிங்குக்குப் போயிருப்பாங்க. அவங்க முகத்துக்குப் பதிலா லைட் ஸ்டாண்டுல ஒரு துண்டு டேப் ஒட்டி வைப்பாங்க. அதைப் பார்த்துத்தான் அழணும்."

"எழுந்து போறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேன்?"

அவர் யோசித்தார். ஒன்றும் வரவில்லை.

"'அம்மா கடைசியா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க'ன்னு சொன்னேன்."

பூவராகன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது. நடுவில் அவள் வாய் அசைந்ததும் நினைவுக்கு வந்தது.

"அவளும் ஏதோ சொன்னா" என்றார். "சொன்னா வாத்தியாரம்மா. எனக்குக் காதுல விழல."

இந்த முறை கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாவமாக இருந்தது.

"திரும்பச் சொல்லுவாளா?"

"தெரியாது."

"நாளைக்கே போறேன். போய் நான் என்ன பேசணும்?"

வேதவல்லி தண்ணீர்ச் சொம்பை அவர் கையில் கொடுத்தார்.

"அந்த சீன்ல உங்களுக்கு வசனமே கிடையாதுங்க."