உப்புக்காரி கேட்ட வழி

முன்னொரு காலத்தில் பவழக்கோட்டை என்ற ஊரிலிருந்து வல்லபராயன் என்று ஒரு அரசன் நாடாண்டு வந்தான். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மறந்துவிடுவான். மறந்தாலும் உத்தரவு மட்டும் செத்துப்போகாது. அதை அனுபவிக்கக் குடிமக்கள் இருந்தார்களே!

அந்த நாட்டுச் சாலைகளில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறுகிறவர் ஒரு சந்தேகம் கேட்கலாம். தூக்கிக்கொண்டு கிளம்புமுன் இன்னொருவருக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போகவேண்டும். எந்தத் துறையில் தண்ணீர் கம்மி, சேர்த்த நாலு காசை எங்கே பத்திரப்படுத்துவது, புகையாத அடுப்பை எப்படிப் போடுவது, எல்லாம் அந்தக் கல்லடியில்தான். யாரும் கூலி கேட்டதில்லை.

அரசவையில் வாகீச பண்டிதர் என்றொருவர் இருந்தார். யோசனை சொல்வதற்கென்றே மானியம் வாங்கி ஒரு மண்டபம் கட்டியிருந்தார். அங்கே காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது.

"மகாராஜா, இன்றைக்கு அடுப்புக்கு யோசனை சொல்கிறவர்கள் நாளைக்கு அரசுக்கும் சொல்வார்கள்" என்று அரசன் காதில் ஊதினார்.

அவ்வளவுதான். 'மண்டபத்தாரைத் தவிர யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது' என்று ஒவ்வொரு சுமைதாங்கிக்குப் பக்கத்திலும் ஒரு சாசனக் கல் முளைத்தது. எழுதியவர் தலையில் ஒருநாளும் சுமை ஏறியதில்லை.

முதலில் மாட்டியவள் முப்பிடாதி. கடற்கரையிலிருந்து உப்பு விற்க வந்தவள். "அரிசிப் பானையில் வண்டு வருது அக்கா" என்று ஒரு புதுப்பெண் கேட்க, "காய்ந்த வேப்பிலையைப் போட்டு வை" என்றாள். சேவகர்கள் பிடித்துக்கொண்டு போய் அரண்மனைக் களஞ்சியத்தில் அரிசி புடைக்க விட்டார்கள்.

இரண்டு வருஷம். முறத்தில் அரிசி ஏறும்; வண்டு இறங்கும். வழி தெரிந்தும் வாயைத் திறக்கக் கூடாது. வேலையைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தன்னை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கிளம்பிய அன்று வாசலில் நின்று அவள் புருஷன் அய்யாக்குட்டி கேட்டான்: "அடுப்பு மூலையில கூரை ஒழுகுதே, ஓலையை மாத்தவா, மூங்கிலைத் தூக்கிக் கட்டவா?" அவசரத்தில் "வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் சொட்டியது.

ஒருநாள் அரசன் சோற்றில் வண்டு கிடந்தது.

"புடைத்தவள் யார்? கூப்பிடு! ஏனம்மா, வண்டு வராமலிருக்க ஒரு வழியும் தெரியாதா உனக்கு?"

"தெரியும் மகாராஜா. அதைச் சொன்னதுக்காகத்தான் இங்கே இருக்கேன்."

சபை கொல்லென்று சிரித்தது. அரசனும் சிரித்துவிட்டான். பண்டிதர் மட்டும், "உப்புக்காரிக்கு நாக்கும் உப்புக் கரிக்கிறது" என்றார்.

"அப்படியானால் ஒரு போட்டி" என்றான் அரசன். "இவள் உங்களை ஒரு கேள்வி கேட்கட்டும். உங்கள் யோசனை பலித்தால் இவள் ஆயுசுக்கும் முறம் பிடிக்கட்டும். பலிக்காவிட்டால் வீட்டுக்குப் போகட்டும்."

வேதாந்தம் கேட்பாள், விடுகதை போடுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"சாமி, நான் என் ஊருக்கு எப்படிப் போறது?"

"இவ்வளவுதானா!" பண்டிதர் சுவடியைப் புரட்டினார். "வடக்குச் சாலை. அரை நாளில் ஆறு வரும். ஆலமரத் துறையில் இறங்கினால் முழங்கால் தண்ணீர். அக்கரையிலிருந்து இரண்டு நாள்."

"சாமியே முன்னால் நடந்து காட்டட்டும்."

அரசனுக்கு வேடிக்கை பிடிக்கும். பல்லக்கில் ஏறிக் கூடவே வந்தான்.

ஆலமரத் துறையில் தண்ணீர் கலங்கி ஓடியது. முப்பிடாதி அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மண்ணில் நடந்தால் இரண்டு நாளில் வீடு. பண்டிதரோ கரையிலேயே நின்றுவிட்டார். ஓடத்தில் உட்கார்ந்திருந்த ஓடக்காரன் வீரணனிடம், "அப்பா, ஆழம் குறைந்த இடம் எது?" என்று மெல்லக் கேட்டார்.

வீரணன் சாசனக் கல்லைக் காட்டினான். "சொல்லக் கூடாது சாமி. உங்க மண்டபத்துல போய்க் கேளுங்க."

"நான் உத்தரவிடுகிறேன், சொல்!"

"இதுவும் உங்க உத்தரவுதானே சாமி?"

பல்லக்கிலிருந்து அரசன் பார்த்துக்கொண்டிருந்தான். ரோஷத்தோடு பண்டிதர் இறங்கினார். நாலாவது அடியில் ஆளைக் காணோம். தலைப்பாகை மட்டும் கிழக்கே போனது. வீரணன் பாய்ந்து குடுமியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான்.

"இழுத்துப் போடறது யோசனை இல்லை மகாராஜா, சட்டத்துல வராது" என்றான்.

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு முப்பிடாதியைப் பார்த்தான். "ஆழம் உனக்கு முன்பே தெரியுமா?"

"ஆத்துல ஆழம் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும் மகாராஜா. இந்த வருஷம் எங்கேன்னு எனக்கும் தெரியாது. நான் இந்த ஓடக்காரத் தம்பியைக் கேட்டிருப்பேன். சாமி கேட்க ஆளில்லாம பண்ணிட்டார், அது தெரியும்."

அரசன் சிரிப்பு நின்றது. சாசனக் கற்களைப் பிடுங்கச் சொன்னான். பிடுங்கியதில் ஒரு கல்லை ஊர் ஊராகச் சுமந்து, ஒவ்வொரு சுமைதாங்கியிலும் ஒரு சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொண்டு வரும்படி பண்டிதரை அனுப்பினான். "மண்டபம் இனி உன்னுடையது" என்றான் முப்பிடாதியிடம்.

"வேண்டாம் மகாராஜா. கல்லடியே போதும். எனக்கு ஒரு பதில் பாக்கியிருக்கு."

ஓடம் நடு ஆற்றுக்கு வந்தபோது வீரணன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அக்கா, வீட்டுல புதுப்பானை. சோறு அடிபிடிக்குது. என்ன செய்யலாம்?"

இரண்டு வருஷத்தில் முதல் கேள்வி. முப்பிடாதிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "கஞ்சித் தண்ணி ஊத்தி ரெண்டு நாள் ஊற வை தம்பி" என்றாள்.

மூன்றாம் நாள் மழையோடு வீடு போய்ச் சேர்ந்தாள். அடுப்பு மூலை இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஒரு சட்டி. பக்கத்தில் அய்யாக்குட்டி, நிரம்பிய தண்ணீரை வெளியே கொட்டப் போனவன், அவளைக் கண்டு அப்படியே நின்றான்.

"இன்னுமா சரி பண்ணலை?" என்றாள்.

"வந்து சொல்றேன்னியே" என்றான்.

முப்பிடாதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"முதல்ல எந்தக் காத்துக்கு ஒழுகுது, அதைச் சொல்லு."