இளவரசனைப் பிடித்த துரு

முன்னொரு காலத்திலே, கத்திகளும் வாய் திறந்து பேசிய காலத்திலே, வேங்கைபுரி என்றொரு நாடு. அந்நாட்டு இளவரசன் சுந்தரசேனன் பேரழகன். அது அவனுக்கே நன்றாகத் தெரியும், அதுதான் தொல்லை. ஒருநாள் அரண்மனைக்கு வந்த மந்திரவாதி வக்கிரகேதுவைப் பார்த்து, "இது மூக்கா, முருங்கைக்காயா?" என்று கேட்டுவிட்டான்.

மந்திரவாதி சும்மா இருப்பானா? இளவரசனைப் பளபளக்கும் கத்தியாக்கி உப்புக் கிணற்றில் வீசினான். இளவரசனின் மனைவி மாதுளங்கொடி கிணற்றை இறைத்து எடுப்பதற்குள் கத்தி முழுக்கத் துரு.

"பொழுது சாயறதுக்குள்ள துரு மொத்தமும் போகணும். இல்லேன்னா இவன் என்னைக்கும் கத்திதான். தேய்க்கிறப்ப விழுற கீறல் இவன் முகத்துலயே நிக்கும்!" என்று சிரித்துவிட்டுப் போனான் மந்திரவாதி.

அரண்மனை மல்லன் செங்கல் பொடியோடு ஓடி வந்தான். "அண்டாவையே பளிச்சுன்னு ஆக்கினவன் நான்!" என்று ஒரு தேய் தேய்த்தான்.

"ஐயோ, என் மூக்கு!" என்று அலறியது கத்தி.

மாதுளங்கொடி பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள். நல்லெண்ணெய் தடவி ஊறவைத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டாள்.

"வலிக்குதா?"

"எரியுது, எரியுது!"

சட்டென்று துடைத்துவிட்டு, வெங்காயத்தை வெட்டி மெதுவாகத் தேய்த்தாள்.

"வலிக்குதா?"

"சுகமா இருக்கு. ஆனா அழுகை வருது!"

துரு கரைந்து இறங்கியது. நுனியில் ஒரு பொட்டு மட்டும் மிச்சம். சாயும் வெயில் மதில்மேல் ஏறிவிட்டது. மந்திரவாதி வந்து நின்றான்.

"நேரமாச்சு பொண்ணே! இந்தா அரம். ஒரே இழுப்பு, போயிடும்!"

மாதுளங்கொடி அரத்தைத் தொடவில்லை. கூடை வெங்காயத்தைக் கவிழ்த்து, அந்தக் கத்தியாலேயே நறுக்கினாள். சரக், சரக், சரக்! நெடி முருங்கைக்காய் மூக்கில் ஏறியது. மந்திரவாதி கத்தியைப் பறிக்கக் கை நீட்டினான், தும்மினான். மந்திரம் சொல்ல வாய் திறந்தான், தும்மினான். கண்ணீர் வழிய ஓடப் பார்த்தான். தூணில் மோதித் தும்மினான்.

கடைசி வெங்காயத்தோடு கடைசிப் பொட்டும் போனது. பளீர்! கத்தி அவள் கையைவிட்டுத் துள்ளி, சுந்தரசேனனாக எழுந்து நின்றது. முரசு முழங்கியது, ஊரே ஆடியது. மாதுளங்கொடி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

இளவரசன் மூக்கில் மட்டும் ஒரு சின்னக் கீறல். "கண்ணாடி எங்கே?" என்று கேட்க வந்தவன், மந்திரவாதியின் சிவந்த மூக்கைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

மந்திரவாதியா? அரண்மனை அடுக்களையில் வெங்காயம் உரிக்கிறான்.

அந்த நாட்டில் இன்றைக்கும் கத்தியைக் கழுவினால், ஈரம் போகத் துடைத்துத்தான் வைப்பார்கள். உள்ளே எந்த இளவரசன் இருக்கிறானோ, யார் கண்டது!