சமையல்காரனின் வலது கை

ஈச்சங்கோட்டை ராஜாங்கத்தில் ஒரு சட்டம். வழக்கு நடக்கும் நாளில் நீதிபதிகள் வெளியே யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் லஞ்சம். அரண்மனைச் சாப்பாடு மட்டும்தான். சட்டம் போட்டவர்களுக்கு ஒன்று தோன்றவே இல்லை: அரண்மனைச் சமையல்காரன் மேலேயே வழக்கு வந்தால்?

வந்தது. ராஜாவின் பொன் அகப்பையைக் காணோம். எடுத்தவன் சமையல்கார மொக்கையன்தான் என்று தீர்ப்பானால் அவன் வலது கை போய்விடும். அந்தக் கையாலேயே அன்று மதியம் மூன்று நீதிபதிகளுக்கும் பரிமாறினான். ருசியில் குறை வைக்கவில்லை.

முதலாமவர் பூதலிங்கம். பாயசத்தைத் திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்தவர். "இந்தக் கையையா வெட்டுறது? பாவம், விட்டுடுங்க" என்று ஏப்பத்தோடு தீர்ப்புச் சொன்னார்.

அடுத்தவர் சங்கிலியார். இளவயதில் அவர் தலையில் இடி விழுந்தது. அவர் சாகவில்லை, இடிதான் செத்தது. அன்று முதல் பசி, சூடு, கோபம், இரக்கம் எதுவும் அவருக்கு உறைப்பதில்லை. நடுநிலை என்றால் அவர்தான் என்று ஊரே மெச்சும். எடுத்திருக்கலாம் என்பதற்கு ஒரு காரணம், எடுத்திருக்க முடியாது என்பதற்கு ஒரு காரணம் என மாற்றி மாற்றி அடுக்கினார். பொழுது சாய்ந்தும் முடிவுக்கு வரவில்லை. எந்தச் செருப்பில் முதலில் கால் நுழைப்பது என்பதற்கே அரை நாள் யோசிக்கிறவர்.

மூன்றாமவர் இடும்பனார். அவரைப் பார்த்ததும் மொக்கையன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "உங்க நாக்குக்குத் தவிடு போதும்" என்று ஒரு விருந்தில் நாலு பேர் முன்னால் அவரை நக்கலடித்தவன் அவன். அந்த வன்மத்தில் அன்று அவர் இலையைத் தொடவே இல்லை. பசியில் கண் சிவந்திருந்தது.

"வெட்டு" என்று வாயெடுத்தவர், சட்டென்று நிறுத்தி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"டேய், உன்னைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. போதாததுக்குப் பசி வேற. இந்த இடத்துல வேற எவனாவது நின்னிருந்தா நான் சாட்சி கேட்டிருப்பேன். நாளைக்குச் சாட்சி வரட்டும்."

"என் மேல கருணையா, ஐயா?"

"கருணையா? சாட்சி மட்டும் உனக்கு எதிரா வரட்டும், அரிவாளை நானே தீட்டுறேன்."

இப்போது சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

சங்கிலியார் என்று சொன்னவர்கள் அவருடைய செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே உறைக்காதவனுக்கு எதுவும் பெரிதில்லை. அவனால் எதையும் முடிவு செய்ய முடியாது. பூதலிங்கம் சொன்னது பாயசத்தின் தீர்ப்பு. இடும்பனார்தான் சரி. வெறுப்பை அவர் விடவில்லை. ஆனால் பேசுவது தானா, தன் வயிறா என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தார். மறுநாள் குளியலறைக் காவலன் வந்து சாட்சி சொன்னான்: முதுகு சொறிய அகப்பையை எடுத்துப் போனது ராஜாவேதான். கை தப்பிய மொக்கையன் இடும்பனாருக்கு இலை போட்டுப் பரிமாறினான். அவர் ஒரு வாய் வைத்தார்.

"உப்பு ஜாஸ்தி" என்றார்.