ஆடுகிற ஸ்டூல்

பால்வண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தச்சு வேலை கற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. கற்றுக்கொடுப்பவள் எதிர்ப்பட்டறை செண்பகம். அவரைவிட இருபது வயது இளையவள்.

அன்று காலையில் மூன்றாவது முறையாக அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரம்மா, ரம்பம் இருக்கு, உளி இருக்கு, சுத்தியல் இருக்கு. அடுத்து என்ன வாங்கட்டும்? இழைப்புளியா?"

"என்ன அவசரம் அண்ணாச்சி?"

"நாளைக்கு என் வீட்டுக்காரி ஆவுடை ஆஸ்பத்திரியில இருந்து வர்றா. முழங்கால் ஆபரேஷன். தரையில உட்காரக் கூடாதாம். அவளுக்குன்னு ஸ்டூல் செஞ்சேன். ஆடுது."

"என்ன செஞ்சீங்க?"

"ஒரு காலை அறுத்தேன். திருப்பி வெச்சா இன்னொரு பக்கம் ஆடுச்சு. அதையும் அறுத்தேன்."

சட்டைப் பையில் கைவிட்டு, அறுத்த துண்டுகளை மேசையில் கொட்டினார். செண்பகம் எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

"இப்போ என்ன உயரம்?"

அவர் குனிந்து தன் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினார்.

"மதினி உட்காரவா, கோழி உட்காரவா?"

அவர் சிரிக்கவில்லை. "இதுல உட்கார்ந்தா அவளால எழுந்திரிக்க முடியாது. கடை பத்து மணிக்குத் திறந்துருவான். இழைப்புளி இருந்தா நாலு காலையும் ஒரே சீரா..."

"எங்கே வெச்சுப் பார்த்தீங்க?"

"ஜன்னல் பக்கம். அவ எப்பவும் உட்கார்ற இடம்."

செண்பகம் எழுந்து தெருவைக் கடந்து அவர் வீட்டுக்குள் போனாள். பால்வண்ணன் செருப்பை மாட்ட மறந்து பின்னால் ஓடினார்.

ஜன்னலோரம் இருந்த ஸ்டூலை அவள் நகர்த்தினாள். குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, அது நின்ற இடத்தில் மெல்ல ஊற்றினாள்.

தண்ணீர் ஓடி, ஒரு கால் நின்ற இடத்தில் இருந்த பள்ளத்தில் சின்னக் குட்டையாகத் தேங்கியது. மற்ற மூன்று கால் நின்ற இடத்திலும் உடனே வடிந்துவிட்டது.

பால்வண்ணன் குட்டையையே பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

"புதுசா நாலு கால் வேணும்," என்றாள் செண்பகம். "இன்னைக்கே செஞ்சிரலாம்."

"அப்போ நான் கடைக்குப் போய்..."

அவள் காலி டம்ளரை அவர் கையில் வைத்தாள்.

"தண்ணி மொண்டுட்டு வாங்க அண்ணாச்சி. மதினி எங்கே உட்காரணும்னு முதல்ல பார்ப்போம்."