ஆனை மணியோட நாக்கைக் கட்டினவ

கண்ணை மூடிக்கிட்டே கேளு அகிலா, மூடலைன்னா அத்தை சொல்ல மாட்டேன். 'ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே'ங்கிறதை முதல்ல யாரு சொன்னதுன்னுதானே கேட்டே? ராஜா சொன்னாருன்னு சிலர் சொல்வாங்க. பாகன்தான் சொன்னான்னு சிலர் அடிச்சுப் பேசுவாங்க. நல்லதா ஒரு வார்த்தை இருந்தா போதும், பங்கு கேட்டு நூறு ஆம்பளைங்க வந்துடுவாங்க. என் கதையில அதைச் சொன்னது ஒரு புள்ளைக்காரி. நெசமான்னு குடையாதே.

ஒரு ஊர்ல ஒரு சந்து. ஆனை நுழைஞ்சா ரெண்டு பக்கமும் ஒரு முழம்தான் மிச்சம். கோயில் ஆனை தினமும் காலையில அது வழியாத்தான் ஆத்துக்குக் குளிக்கப் போகும். கழுத்துல பெரிய வெண்கல மணி. டணார்... டணார்னு கேட்டதும் சந்தே பரபரன்னு ஆயிடும். காயுற நெல்லை அள்ளுவாங்க, கோழியை விரட்டுவாங்க, புள்ளைங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாங்க. அப்புறம்தான் ஆனை வரும். ம் சொல்லு.

"ம்."

அந்தச் சந்துல, வளைவை ஒட்டின வீட்டுல பேராச்சின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ரெண்டு புள்ளை. மூத்தவ செண்பகம், நாலு வயசு, ஒரு இடத்துல நிக்காது. சின்னது கைக்குழந்தை. அதுக்கு வந்துச்சு பாரு ஒரு காய்ச்சல், உடம்பு கொதிக்குது, ராவெல்லாம் ங்ஙா ங்ஙான்னு அழுகை. குடுக்க வேண்டிய மருந்தெல்லாம் குடுத்தாச்சு, இனி இது தூங்கினாத்தான் பொழைக்கும்னுட்டாரு வைத்தியர். விடிஞ்சு அப்போதான் கண்ணசரும். உடனே டணார். வீல்னு எழுந்துக்கும்.

முதல் நாள் பேராச்சி பாகன் சுடலைமுத்துகிட்டப் போய் மணியைக் கழட்டச் சொன்னா. முடியாதுன்னுட்டான். ரெண்டாம் நாள் வேற வழியா போகச் சொன்னா. வேற வழி ஏதுன்னுட்டான். மூணாம் நாள் அவ ஒண்ணுமே கேக்கலை. குழந்தையைக் கொண்டுபோய் அவன் கையில குடுத்தா. தொட்டதுமே அவன் முகம் மாறிப்போச்சு, அவனும் புள்ளை பெத்தவன்தானே. "ஒரே ஒரு நாள், தாயி"ன்னான். அவ பழைய சேலையைக் கிழிச்சுக் குடுத்தா. மணிக்குள்ள தொங்குற நாக்கை அவன் இறுக்கச் சுத்திக் கட்டினான்.

மறுநாள் விடிஞ்சுது. சத்தமே இல்லை. குழந்தை தூங்குது. மூணு நாளாத் தூங்காதவ, பேராச்சியும் அதை மடியில போட்டபடியே வாசப்படியை ஒட்டின சுவத்துல சாஞ்சு தூங்கிட்டா. ஆனை நடந்தா சத்தம் வராது, தெரியுமா? அவ்வளவு பெரிய காலு, பூனை மாதிரி பதியும்.

"செண்பகம் எங்கே அத்தை?"

அதைத்தான் சொல்ல வரேன். செண்பகம் வளைவுல, நட்டநடுச் சந்துல குந்திப் புளியங்கொட்டை அடுக்கிக்கிட்டு இருக்கு. மணி கேட்டா ஓடணும்னு அதுக்குத் தெரியும். மணிதான் கேக்கலையே.

அப்போ பேராச்சிக்குத் திடுக்குன்னு முழிப்பு வந்துச்சு. வாசல் இருட்டிக் கிடக்கு. என்னன்னு பார்த்தா, ஆனை அவ வீட்டைத் தாண்டிப் போய்க்கிட்டு இருக்கு. எட்டிப் பார்த்தா, அதுக்கு முன்னால நாலே எட்டுல செண்பகத்தோட முதுகு. மேலே உக்காந்த பாகனுக்குக் கீழே இருக்கிறது தெரியலை. செண்பகம்னு கத்தப் பார்த்தா. மூணு ராத்திரி தாலாட்டுப் பாடின தொண்டை, காத்துதான் வருது.

கிட்டத்துல வெண்கலப் பானை இருந்துச்சு. அதைப் போட்டா மடியில இருக்கிறது முழிச்சுக்கும். தூங்கினாத்தான் பொழைக்கும்னு வைத்தியர் சொன்னாரே. அவ மடியைப் பார்த்தா, சந்தைப் பார்த்தா. பாவி, ஒரு மூச்சு நேரம் எந்தப் புள்ளைன்னு அவளை யோசிக்க வெச்சுட்டான் ஆண்டவன்.

அப்புறம் பானையைத் தூக்கி வாசப்படியில அடிச்சா. ணங்ங்ங்...

ஆனை தூக்கின காலைத் தூக்கினபடியே நின்னுடுச்சு. செண்பகம் திரும்பிப் பார்த்துட்டு ஒரே ஓட்டமா சுவத்தோட ஒட்டிக்கிச்சு. புளியங்கொட்டை மேல பொத்துன்னு கால் இறங்குச்சு. சின்னது வீல்னு கத்துச்சு.

பாகன் கீழே இறங்குறான். சந்துப் பொம்பளைங்க அவனை அடிக்கவே வந்துட்டாங்க. பேராச்சிதான் நடுவுல புகுந்து, கட்டச் சொன்னது நான்னு ஒத்துக்கிட்டு, தன் கையாலேயே அந்தத் துணியை அவுத்தா. கம்மிப்போன தொண்டையிலேயே சொன்னா: "ஆனை பின்னால வரட்டும், மணி முன்னால வரட்டும். எம்புள்ளை முழிச்சா முழிக்கட்டும்."

அவளைக் குத்திக் காட்டத்தான் சந்துல முதல்ல அதைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. இப்போ எதுக்கெல்லாமோ சொல்றாங்க.

"பாப்பா?"

பொழைச்சுது, பொழைச்சுது. மத்தியானம் வரைக்கும் அழுதுட்டு, அப்புறம் வேர்த்துக் கொட்டித் தூங்கிடுச்சு. ஆனா தினமும் காலையில டணார்னதும் அது அழும். பேராச்சி அதைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே, ஆனை கடந்து போற வரைக்கும் செண்பகத்தோட கையை விடவே மாட்டா.

ஆனை போச்சு ஆத்துக்கு, கதை போச்சு ஆனையோட. நீ தூங்கு.