செம்பியின் உள்ளங்கை

ஆற்றங்கரை அத்தி மரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. அதில் செம்பி என்ற பெண் குரங்குக்கு, மூங்கில் சிம்பு குத்தி உள்ளங்கை கிழிந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். யாருக்காவது அடிபட்டால் சொந்தபந்தம் எல்லாம் பழத்தோடு விசாரிக்க வரும். வாயால் விசாரித்தால் போதாது. காயத்தின் பொருக்கைப் பெயர்த்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் போனால் பாசமில்லாத குரங்கு என்று பேர் வரும்.

முதலில் பெரியத்தை வந்தது. "எங்கடி, கையைக் காட்டு." நகத்தால் ஒரு கிள்ளு. "அடப்பாவமே, இவ்வளவு ஆழமா?" ஒரு அத்திப்பழத்தை நீட்டியது.

பின்னாலேயே மதனி வந்தது. "உங்க அத்தை என்னத்தைப் பார்த்தா? ஓரத்தைக் கிளறினாத்தானே தெரியும்." கிளறியது. ரத்தம் வந்தது. அதுவும் பழம் கொடுத்தது.

அத்திப்பழம் தீர்ந்துகொண்டிருந்தது. மழை இறங்கியதும் கூட்டம் அக்கரை நாவல் காட்டுக்குப் போக வேண்டும். கரையோரக் கிளையிலிருந்து அக்கரைக் கிளைக்கு ஒரே தாவல். இரண்டு கையும் இறுகப் பிடித்தால்தான் உயிர். பிடி நழுவினால் கீழே வெள்ளம்.

செம்பி தண்ணீர் குடிக்க இறங்கியது. சேற்றில் ஓர் எருமை கிடந்தது.

"கையில என்ன?" என்றது எருமை.

செம்பி உடனே கையை விரித்து நீட்டியது. "பாரேன்."

"வேண்டாம். நான் பார்த்தா ஆறிடுமா?"

செம்பிக்குச் சுருக்கென்றது. "உனக்குப் புண்ணைப் பத்தி என்ன தெரியும்?"

"என் முதுகுல ஒரு காக்கா பாடம் நடத்துச்சு. மேல்தோலைக் கொத்தினப்போ லேசா எரிஞ்சுது. அது பாதி செத்த தோல்தான், கூரை மாதிரி. அதுக்கு அடுத்த தோலைக் கொத்துச்சு. ரத்தம், நரம்பு, மயிர்க்கால் எல்லாம் அங்கதான் குடியிருக்கு. உயிர் போச்சு. அதுக்கும் கீழே கொழுப்பு, வெள்ளை வெளேர்னு. அதைப் பார்த்துக் காக்காவே பயந்து பறந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் சேத்துல புரண்டு காக்கா கண்ணுல படாம வெச்சேன். பொருக்குக் கட்டுச்சு. அதுக்கு அடியில, ஓரத்திலேர்ந்து நடுவுக்குப் புதுத்தோல் நகர்ந்து வரும். தொறந்து பார்த்தா அது பழையபடி ஓரத்துக்கே போயிடும். உனக்கு உள்ளங்கை. அங்க தோல் தடிமன், மெதுவாத்தான் வரும். மடக்கி வெச்சுக்க."

செம்பி கையை மடக்கிக்கொண்டது.

பெரியத்தை வந்தபோது, "ஆறிட்டு வருது அத்தை. பார்க்க வேண்டாம்," என்றது.

"ஆறிடுச்சா? சரி." கொண்டுவந்த பழத்தைத் தானே தின்றுவிட்டு அத்தை இறங்கிப் போனது. பக்கத்துக் கிளையில் ஒரு கடுவன் குரங்குக்கு வால் நுனி கடிபட்டிருந்தது. கூட்டம் முழுக்க அங்கே போய் உட்கார்ந்தது. "ஐயோ, வாலே போச்சே," என்று மதனி மூக்கைச் சிந்தியது. அந்தக் கடுவன் வாய் நிறையப் பழத்தோடு முனகிக்கொண்டிருந்தது.

செம்பியின் பக்கம் யாரும் வரவில்லை. உள்ளங்கை அரித்தது. விரித்துப் பார்த்தது. பொருக்கின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக, மெல்லிசாக, புதுத்தோல் வந்திருந்தது.

செம்பி அந்தக் கடுவனை ஒருமுறை பார்த்தது. பிறகு பொருக்கின் கீழே தன் நகத்தைக் கொடுத்து நெம்பியது.

"ஐயோ, அத்தை!"

எல்லாம் ஓடி வந்தன. "நான் அப்பவே சொன்னேன், உள்ளே சரியில்லன்னு," என்றது மதனி. மடி நிறையப் பழம்.

மறுபடி தண்ணீருக்கு இறங்கியபோது எருமை கேட்டது. "யார் பிச்சது?"

"அத்தைதான்."

எருமை செம்பியின் நகத்தைப் பார்த்தது. பிறகு மூக்கு மட்டும் தெரியத் தண்ணீரில் அமிழ்ந்தது.

பிறகும் ஒவ்வொரு முறை பொருக்குக் கட்டியபோதும் செம்பியின் நகம் அதைத் தேடிப் போனது.

மழை இறங்கியது. ஆறு கலங்கி உயர்ந்தது. மரத்தில் பழம் ஒன்றுகூட இல்லை. கூட்டம் ஒவ்வொன்றாகத் தாவியது. வால் கடிபட்ட கடுவனும் தாவியது. கடைசியில் செம்பி கிளை நுனிக்கு வந்து, பிடித்துப் பார்த்தது. புண்ணில் மரப்பட்டை பட்டதும் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. மறுபடி பிடித்தது. மறுபடி திறந்தன. அது பின்னால் நகர்ந்து அடிமரத்தோடு ஒட்டி உட்கார்ந்தது.

அக்கரையில் சொந்தபந்தம் வரிசையாக உட்கார்ந்து அழுதது.

"செம்பி, கை எப்படிடி இருக்கு?" பெரியத்தை கத்தியது. "அங்கிருந்தே காட்டு, பார்க்கலாம்."

செம்பி கையை விரித்துக் காட்டியது.

"தெரியலடி. இன்னும் கொஞ்சம் தூக்கு."

தூக்கிக் காட்டியது. அக்கரைக் காட்டுக்குள் காற்றடித்து நாவல் பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. குரங்குகள் ஒவ்வொன்றாக எழுந்து உள்ளே போயின. செம்பியின் கை தூக்கியபடியே இருந்தது.

பிறர் இரக்கத்துக்காகத் தன் புண்ணை ஆறவிடாதவருக்கு, இரக்கம் போன பிறகும் புண் மட்டும் மிஞ்சும்.